முளைக்கு மூன்று எண்

மூன்று முறை எழுதியும் தேறாத தாள்.
புத்தகத்தில் கம்பமும் கயிறும்
ஒரே பக்கத்தில் தட்டையாகப் படுத்திருக்கும்.
எது என்னை நோக்கி வருகிறது,
எது தாளுக்குள் போகிறது,
தெரியாமலே கொசைன் போட்டுக்கொண்டிருந்தேன் பர்கூரில்.

இப்போது ஜெகதேவி குவாரியில் கேட் பாஸ் எழுதுகிறேன்.
டெரிக் கம்பம் இருபத்துநாலு மீட்டர்.
அதன் வடக்கு முளை மட்டும்
முனிவெங்கடப்பன் மாந்தோப்பு வரப்பில்.
"டிராக்டர் திரும்ப மாட்டேங்குது,
பாதி தூரம் உள்ளே தள்ளிக்கோங்க."
"தள்ளிட்டாப் போச்சு" என்றார் மேஸ்திரி.

பாஸ் புத்தகத்தின் முதுகில் போட்டுப் பார்த்தேன்:
கிழக்கே ஆறு, வடக்கே எட்டு,
கீழே இருபத்துநாலு.
கம்பி நீளம் இருபத்தாறு, மிச்சமில்லாமல்.
(பரீட்சையில் ஒருநாளும் இப்படி வந்ததில்லை.)
பாதியாக்கினால் மூன்று, நான்கு,
கீழே அதே இருபத்துநாலு.
உயரம் எதையும் விட்டுக்கொடுக்காது.
பக்கவாட்டில் அதே பிடி பிடிக்க
கம்பி கிட்டத்தட்ட இரண்டு பங்கு இழுக்கவேண்டும்.

எழுந்து போய்க் கம்பியில் உள்ளங்கை வைத்தேன்.
அந்தரத்தில் எட்டு டன் கல்,
ஆடாமல் அசையாமல்.
கம்பிக்குள்ளே மட்டும் ஒரு முனகல்.
கூட்டினால் பூஜ்ஜியம்.
பூஜ்ஜியம் என்றால் ஒன்றுமில்லை என்று
இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

மேஸ்திரி காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார்.
"ஐ, ஜே சரி. இந்தக் கே-வுக்கு
எதுக்கும்மா தொப்பி?"
"அதுதாங்க உங்க தலைக்கு மேல போற திசை."
அண்ணாந்து பார்த்தார்.
ஹெல்மெட்டைத் தேடிப் போனார்.

டிராக்டர் இன்னும் திரும்பவில்லை.