மூன்று மை

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: நிறங்கள்.
சிவப்பு, பச்சை, கறுப்பு என்று எழுதினேன்.
திஹோமிர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
"மஞ்சளை விட்டுவிட்டீர்களே" என்றார்.

மஞ்சள் இல்லை.
பத்து மடங்கு லென்ஸை வைத்து
எறும்பு போவதுபோல் போய்ப் பார்த்துவிட்டேன்.
முடிக் கனத்தில் ஒரு சிவப்புக் கோடு,
அதை உரசிக்கொண்டு பச்சை,
இரண்டுக்கும் சண்டை வராமல் நடுவில் கறுப்பு.
அச்சுக்கூடம் காசு கொடுத்தது மூன்று மைக்குத்தான்.

நிமிர்ந்து
மூன்றடி பின்னால் போனேன்.
தாளின் வயிற்றில் ஒரு மஞ்சள் சதுரம்
மெல்ல எழுந்தது.
நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது.
கிட்டே போனால் ஆளையே காணோம்.

ஸாக்ரெப்பில் என்னை மூன்று காரியங்களுக்கு அழைப்பார்கள்:
காப்புறுதி, பாகப்பிரிவினை, சாவு.
இது எதிலும் சேரவில்லை.

எழுபத்து நான்கில், நாடு வேறு பெயரில் இருந்தபோது,
ஒரே பர்ஸிலிருந்து தினார் எண்ணிக் கொடுத்து
இருவருமாக வாங்கியது.
மொத்தம் எழுபத்தைந்து பிரதி. இது நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு துப்ராவ்காவிடம், ஸ்ப்ளிட்டில்.
"பிரிந்தபோது நாய்க்குத்தான் வழக்குப் போட்டோம்.
படங்களில் நம்பர் இருந்தது, தகராறு இல்லை."

அமிலமில்லாத தாள்களுக்கிடையே, இழுப்பறையில்,
வருடத்துக்கு இரண்டுமுறை வெளியே எடுப்பாராம்,
திரையை இழுத்துவிட்டு, கை கழுவிவிட்டு.
நான்காயிரத்து இருநூறு யூரோ என்று எழுதினேன்.
கையை ஆட்டினார்.
"இதை அவளிடம் கொடுத்து
அதை வாங்கி வாருங்கள்.
விலை வித்தியாசம் எனக்கு வேண்டாம்."

ஐந்து மணிநேரம் பஸ். மலையைக் கடந்ததும்
பூரா காற்று வண்டியைப் பிடித்து உலுக்கியது.
முழங்காலில் நாற்பத்தொன்று,
பள்ளிக்குப் போகும் பிள்ளைபோல் அசையாமல்.

நாற்பத்திரண்டு
கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில்.
கீழே அடுப்பில் மத்தி பொரிந்துகொண்டிருந்தது.
சிவப்பு பழைய ஓட்டின் நிறத்துக்கு இறங்கியிருந்தது,
பச்சை சாம்பலாகியிருந்தது.
சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று
ஓரத்தை நறுக்கியதில்
ஓவியரின் கையெழுத்தில் பாதி போய்விட்டது.
மூன்றடி போனேன். ஐந்தடி.
பால்கனிக் கம்பி முதுகில் இடிக்கும்வரை போனேன்.
ஒன்றும் எழவில்லை.
நூற்றைம்பது. அதுவும்
வாங்க ஆள் வந்தால்.

"மஞ்சள் வரவில்லையா?"
"இல்லை."
ஜல்லிக்கரண்டியும் கையுமாய் அவர் வந்து
என் பக்கத்தில் நின்றார்.
"எனக்கு வருகிறதே. அதோ, இப்போது மேலே."
கரண்டி காட்டிய இடத்தைப் பார்த்தேன்.
வெளுத்த கோடுகள். எண்ணெய் ஒரு சொட்டு
தரையில் விழுந்தது.

அவருடைய நாற்பத்தொன்றைச் சுவரோரம் சாத்தி வைத்தேன்.
ஜன்னல் வெளிச்சம் பட்டதும் சதுரம்
குதித்துக்கொண்டு வந்தது,
எனக்கே கொஞ்சம் வெட்கமாகப்போயிற்று.
துப்ராவ்கா தலையைச் சாய்த்துப் பார்த்தார்,
பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பார்ப்பதுபோல்.
"நல்லாத்தான் வைத்திருக்கிறான்" என்றார்.
பிறகு மீனைத் திருப்பிப் போடப் போனார்.
அங்கிருந்தே, சத்தமாக:
"இதை நான் எங்கே மாட்டுவது?
அந்தச் சுவரில்தான் அது இருக்கிறதே."

இரண்டு துண்டு மத்தியும் ரொட்டியும் தந்தார்.
சாப்பிட்டேன். கை கழுவினேன்,
இரண்டுமுறை, சோப்புப் போட்டு,
நாற்பத்தொன்றைத் தொட.

திரும்பும் பஸ்ஸில் படிவங்களை முடித்தேன்.
நிறங்கள் என்ற கட்டத்தில்
இரண்டுக்கும் ஒரே மூன்று.
நாற்பத்திரண்டுக்குக் குறிப்புகள் என்ற இடத்தில்:
நான்காவது நிறம் ஒன்று உண்டு என்கிறார் உரிமையாளர்.
மதிப்பீட்டாளரால் சரிபார்க்க இயலவில்லை.

எழுதிவிட்டுக்
கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தேன்.
சுரங்கப்பாதை விளக்குகள்
இமைக்கு மேல் ஒவ்வொன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன.