மேல்தளத்தில் பால்

நிசிரோஸ் போகும் கப்பல். இரவு மூன்று மணி.
கயிற்றுச் சுருளில் சாய்ந்து
எவாந்தியா பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள்.
நாற்பது கழிந்து மூன்று நாள்.
ஞானஸ்நானம் ஆகவில்லை; பிள்ளைக்கு இன்னும் பெயரில்லை.

மேலே வானம் முழுக்கப் பெயர்.
பாதிக்கு மேல் அவள் மொழியில்தான்.
அழகைப் பீற்றிய காசியோபெயா
நாற்காலியோடு தலைகீழாய்த் தொங்குகிறாள்.
தாயின் வாய்க்கொழுப்புக்குப்
பாறையில் கட்டுண்ட ஆந்த்ரோமெதா
பக்கத்திலேயே, இன்னும் கைகளை விரித்தபடி.
மிருகத்தை ஏவிய கடலரசனுக்கோ
ஒரு கிரகமே கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் அந்த வெள்ளைத் தடம்.
தூங்கிக்கொண்டிருந்த ஹீராவின் மார்பில்
எவளோ பெற்ற பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தார்களாம்,
கேட்காமல்.
விழித்தாள், தள்ளினாள்.
சிதறியதுதான் அது.
கடையில் பால் பெட்டியின் மேல் அச்சடித்த அதே சொல்:
காலா.
அதை நீட்டித்தான் கேலக்ஸி என்கிறது உலகம்.
அவள் தூக்கம் கெட்டதைப் பற்றி
ஒருத்தரும் பேசக் காணோம்.

பிள்ளை ஈறால் கடிக்கிறது.
"ஸ்ஸ்... மாதாவே!"
சுண்டுவிரல் விட்டு வாயைப் பிரிக்கிறாள்.
அந்த நேரம் பார்த்துக் காற்று
ஒரு பீச்சலை வாங்கிக்கொண்டு போய்
கம்பியில், உப்புப் பூத்த தரையில்,
குறட்டை விடும் லாரிக்காரர் ஒருவரின்
இடது பூட்ஸில் இறைக்கிறது.
ஏழெட்டுத் துளி இருக்கும்.

அவள் எண்ணவில்லை.
பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொள்கிறாள்.

விடிந்ததும் மாலுமி ஒருவன்
ரப்பர் குழாயோடு வருவான்,
தரை கழுவ.