ஏசி பக்கெட்

அபு ஷகாராவில் ஆறு பேர் அறை.
மேல் கட்டில் எனக்கு.
திரைச்சீலைக்குள் லேப்டாப், முட்டி, நான்.

ஏசி சொட்டுகிறது நீலப் பக்கெட்டில்.
அது நிறையும்வரை
போனைத் தொடுவதில்லை என்று கணக்கு.
நிறைந்தால் இறங்கி ஊற்றலாம்,
அப்படியே எவன் என்ன ஸ்டேட்டஸ் வைத்தான்
என்றும் பார்க்கலாம்.

கனடாவில் யாரோ ஒரு பேக்கரிக்காரி,
ரொட்டியின் மேல் ஆவி
இன்னும் கொஞ்சம் வளையட்டும் என்கிறாள்.
பதினோராவது முறையாக வளைக்கிறேன்.
முதல் இருபது டாலர்.

கீழே சீட்டாட்டம் ஓய்ந்து,
வெளிச்சத்தைக் குறைடா என்று
இருதயராஜ் திட்டி ஓய்ந்து,
பாங்கும் சொல்லியாயிற்று.

பக்கெட் ஏன் நிறையவேயில்லை?

எட்டிப் பார்த்தேன்.
அடியில் இரண்டு விரல் தண்ணீர்.
திட்டியவன் கட்டிலிலிருந்து
ஈரக் கால்தடம்
குளியலறை வரை போய்த்
திரும்பியிருக்கிறது.