மராமத்து

கன்னடியன் கால்வாயில் முப்பது வருசம் லஸ்கர் நான்.
வீரவநல்லூர்ப் பக்கம் ஷட்டர் திருகும்போது
இடது தோளிலிருந்து தாடைக்கு
யாரோ கம்பி இழுத்தார்கள்.
சாவி கையில். தண்ணீர் பாதித் திறப்பில்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி.
திரையில் என் நெஞ்சு
கறுப்பு வெள்ளையாய் அடித்துக்கொண்டிருந்தது.
ஒரு கிளை மட்டும்
சித்திரை மாதத்துக் கடைமடை.

"தெரியும் டாக்டரம்மா, வண்டல்.
கொழுப்பு படிஞ்சிருக்கும். தூர்வாரினாச் சரியாயிரும்."
டாக்டர் கொரற்றி சிரிக்கவில்லை.
"வண்டல் தண்ணிக்கு அடியில கிடக்கும், பலவேசம்.
இது உங்க கரைக்குள்ள கிடக்கு."

கரைக்குள்ளா?

கெட்ட கொழுப்பு நூற்று எண்பத்தாறு.
உள்சுவரில் கசிந்து கசிந்து ஊறியிருக்கிறது,
எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்.
அதை அள்ள வந்த வெள்ளை அணுக்கள்
தின்று, நுரைத்து, வீங்கி
வந்த வழி திரும்ப மாட்டாமல்
அங்கேயே கிடந்துவிட்டனவாம்.
இது எனக்குப் புரிந்தது.
ஓர் ஐப்பசியில் உடைப்பு அடைக்க வந்த கூட்டம்
கரைமேலேயே கொட்டகை போட்டு
அடுப்பு மூட்டி
ஆறு மாசம் கிளம்பவில்லை.
கரை இளகியது அவர்கள் பாரத்தில்.

சீட்டில் 'அழற்சி' என்று எழுதியிருந்தது.
'அயற்சி' என்று வாசித்தேன்.
இருக்காதா, எத்தனை ராத்தண்ணி!
"யானா இல்ல அண்ணாச்சி, ழானா"
என்றாள் நர்ஸ் பிரேமகனி.

அழல்.
தண்ணீரிலேயே கிடந்தவனுக்குள் தீ.

பீடி, என்றார்கள்.
சர்க்கரை, என்றார்கள்.
வாயைத் திறக்கச் சொல்லி
சீழ் பிடித்த ஈற்றையும் கணக்கில் சேர்த்தார்கள்.
விறகு ஓரிடம், ஊதுகுழல் பல இடம்.

இன்னொன்றும் சொன்னார் டாக்டர்:
பாதி அடைப்புதான் இருந்ததாம்.
மேல்தோல் வெந்து மெலிந்து கிழிந்து
கிழிந்த வாயில் ரத்தம் உறைந்ததாம்.
அதற்கு நான் தலையாட்டினேன்.
கோரை மண்டிக் குறுகிய இடம்
உடைந்து நான் பார்த்ததில்லை.
நடந்தால் கெட்டியாய்த் தெரியும் கரைதான்,
உள்ளே நண்டு வளை,
விடியுமுன் வாய் பிளக்கும்.

கம்பிவலைக் குழல் ஒன்று வைத்து அனுப்பினார்கள்.
ராத்திரிக்கு ஒரு மாத்திரை, ஆயுசுக்கும்.
சட்டையோடு ஷட்டர் சாவியும் திரும்ப வந்தது.
அன்றைக்குப் பாதியில் விட்ட தண்ணீரை
யார் அடைத்தார்களோ.

நாளைக்குச் சேரன்மகாதேவியில் பல் பிடுங்கப் போகிறேன்.
மிச்சமிருந்த பீடிக்கட்டைக்
கால்வாயில் எறியக் கை ஓங்கி
நிறுத்திக்கொண்டேன்.
கால்வாயில் எதையும் போடக்கூடாது.
போடுகிறவனைப் பிடிப்பதுதான்
இத்தனை வருசமும் என் டூட்டி.