நிகர எடை

குலைகளோடு ஏறும்போது ஓர் எண்,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னோர் எண்.
முதலாவதில் இரண்டாவதைக் கழி.
மிஞ்சுவதற்குத்தான் காசு.
பதினோரு வருடமாக இதுதான் என் வேலை,
லாபிசுக்கு வெளியே செம்பனை ஆலையில்,
லோரி ஏறி நிற்கும் நிறுவை மேடைக்குப் பக்கத்தில்
குளிர்சாதனம் ஒழுகும் ஒரு கண்ணாடி அறைக்குள்.

பள்ளியிலிருந்து வெளிர்நீலத் தாள் வந்தது.
யுகேந்திரன், மூன்றாம் ஆண்டு.
எடை ஐம்பத்து மூன்று கிலோ.
சொத்தை ஆறு. பிடுங்க வேண்டியது இரண்டு.
கீழே மலாயில் ஒரு வரி, அதற்கும் கீழே ஒரு கோடு.
லோரி டிக்கெட்டில் போடும் அதே கோணல் கையெழுத்தை
அந்தக் கோட்டின் மேல் போட்டேன்.

அதே வாரம் சிகாமட் மருத்துவமனையில்
அவருக்கும் எடை பார்த்தார்கள்.
சக்கர நாற்காலியோடு ஏற்றி,
பிறகு நாற்காலியை மட்டும் ஏற்றி,
கழித்து.
எனக்குப் பழகிய கணக்குதான்.
ஐம்பத்தொன்பது என்று எழுதிக்கொண்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.
டிரெக்டர் வாய்க்காலில் கவிழ்ந்த அன்று
இடது முழங்காலுக்குக் கீழே போனது
எத்தனை கிலோ என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே இப்போது
ஆறு கிலோதான்.

ஐந்து மாதம் பஸ் பிடித்துப் போய்வந்தேன்.
மேசையில் ஐந்து வெள்ளி வைத்துவிட்டுப் போனேன்.
அது ஐஸ் மைலோவாக, கெட்டிப்பால் தடவிய ரொட்டியாக,
பாசார் மாலாமில் எண்ணெய் சொட்டும் பொரித்த கோழியாக
வீட்டுக்குள் வந்தது; என் பிள்ளைக்குள் போனது.
அதற்கும் முன்னால்,
இரவு வேலைக்காலத்தில், அவன் அழாமல் தூங்க
புட்டியில் சீனித் தேநீர் ஊற்றிக் கொடுத்தவளும் நான்தான்.
இதை எந்தத் தாளிலும் யாரும் எழுதவில்லை.

பல் மிஸ்ஸி நோராய்னி கேட்டாள்:
'ஒரு நாளைக்கு எத்தனை கரண்டி சீனி, காக்கா?'
டன் கணக்கில் தூங்கும்போதும் பதில் சொல்வேன்.
கரண்டிக் கணக்கில் வாயடைத்துப்போனேன்.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

பிடுங்கிய கையோடு
அவனை மாடிக்குக் கூட்டிப்போனேன்.
இரண்டு கம்பிகளுக்கு நடுவே குணாளன்
புதுக்காலோடு நின்றிருந்தார்,
கடன் வாங்கிய சப்பாத்தைப் போட்டவர் மாதிரி.
ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதில் விழுந்தார்.
ஃபிசியோ ஜூலியானா ஓடிவந்து பிடிக்கவில்லை.
'விழவும் பழகணும், பாங்' என்றாள்.
எனக்கு அவள்மேல் கோபம் வந்தது;
மறுபடியும் விழுந்தபோது கொஞ்சம் குறைந்தது.

பையன் கம்பியருகே போனான்.
கன்னம் மரத்து, பஞ்சைக் கடித்த வாயில்
உதடு அவன் பேச்சைக் கேட்கவில்லை.
'எந்ழிங்கஃபா' என்றான்.
குணாளன் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார்,
தோள் குலுங்க, கண்ணில் நீர் வர.
பிறகு எழுந்தார்.
அவன் எச்சில் ஒழுக எண்ண,
இவர் ஏழு எட்டு வைத்தார்.

வீட்டுக்கு வந்த மறுவாரம்
கடைசி லோரி போன பிறகு
இரண்டு பேரும் என் மேடையில் ஏறினார்கள்.
ஊன்றுகோல் இரும்பில் டக் டக்கென்றது.
நாற்பது டன்னைத் தாங்கும் இரும்பு அது,
இருபது இருபது கிலோவாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
திரையில் நூற்றிருபது.
அதில் எது சதை, எது பிளாஸ்டிக் கால்,
எது நான் வைத்துவிட்டுப் போன ஐந்து வெள்ளி என்று
பிரித்துச் சொல்லவில்லை.
லோரி எண் என்ன என்று மட்டும் கேட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பல் போன குழியை நாக்கால் துழாவிக்கொண்டே
பையன் கத்தினான்:
'ம்மா, அடுத்தது காலியா ஏறணுமே.
நாங்க எதை இறக்கிட்டு வர்றது?'