பரஞ்சோ

கொழும்பு எங்கே முடிகிறது என்பதை
வரைபடம் பார்த்து அறிந்தவனில்லை நான்.
வெள்ளவத்தைக் கால்வாய்ப் பாலத்தில்
மணல்மூட்டைக்கும் தார்ப்பீப்பாவுக்கும் நடுவே
டோர்ச் வெளிச்சம் முகத்தில் விழும் இடத்தில்
முடிந்தது அது.

இரவு ஒன்பதே முக்கால்.
கொமியூனிகேஷன் கடையைப் பூட்டிவிட்டு,
கனடாவுக்கும் சுவிசுக்கும் பிறர் அழுத அழுகையெல்லாம்
காதில் இரைய
தெஹிவளை அறைக்கு நடந்து வருவேன்.
அடையாள அட்டையை நீட்டுவேன்.
பிறந்த இடம்: வேலணை.
அந்த ஒரு சொல்லுக்காக
மணிக்கணக்காய் நின்றிருக்கிறேன்.

சார்ஜன்ட் ஹீன்கெந்த.
ஹங்குராங்கெத்தப் பக்கம், மிளகுக் காணி,
இரண்டு பெண்பிள்ளைகள்.
இதெல்லாம் அவர் சொன்னதில்லை,
கான்ஸ்டபிள் ஜயிலான் சொன்னது.
கொம்பனித் தெரு மலாய்ப் பொடியன்.
எங்கள் இருவருக்கும் நடுவே மொழியாய் நின்றவன்.
அவன் பைக்குள் எப்போதும்
மாங்காய்க் கீறும் உப்புத்தூளும்.

பரஞ்சோதிநாதன் என்ற என் பெயர்
சார்ஜன்டின் கொப்பியில் ஒருநாளும் முழுதாய் ஏறியதில்லை.
குண்டு குண்டான சிங்கள எழுத்தில்
பரஞ்சோ வரைக்கும் வருவார்.
கட்டம் முடிந்துவிடும். பேனையை உதறுவார்.
இரண்டு வருடம்
பாதிப் பெயரோடு பாலம் கடந்தேன்.
கடந்து, அவருக்குக் கேட்காத தூரம் வந்ததும்
தமிழில் திட்டுவேன்.
நல்ல தூசணம்.

அன்றைக்கு மழை.
என் அட்டையைத் தன் சட்டைக் கையில் துடைத்துத் தந்து
"யன்ன, தெமெனவா" என்றார்.
போ, நனைகிறாய்.
அவரும் நனைந்துகொண்டுதான் நின்றார்.
எனக்குப் பின்னால் ஒரு நீல வான்.
ஜயிலான் அதை மறித்ததைத்
திரும்பிப் பாராமலே அறிந்தேன்,
விசிலில்.

பிறகு விசில் இல்லை.
இடது காதில் இன்றைக்கும் எதுவும் இல்லை.

தமிழ்ப் பேப்பரில் அவர்கள்
"இரு பொலிஸார் பலி."
சிங்களப் பேப்பரில் பெயர் இருந்தது, படம் இருந்தது.
றொட்டி சுற்றி வந்த தாளில் பார்த்தேன்.
ஜயிலானின் கன்னத்தில் எண்ணெய்.

மூன்றாம் நாள் வந்து ஏற்றினார்கள்.
ஓரம் கருகிய கொப்பியில்
கடைசி வரி நான்.
யார் இந்தப் பரஞ்சோ?
இயக்கத்தில் யார் வைத்த பெயர்?
சார்ஜன்ட் வைத்தது சேர், என்றேன்.
அடி விழுந்தது.
அது பகிடி இல்லை என்று அவர்களுக்கு விளங்க
நாலு நாள் சென்றது.

விடும்போது இன்ஸ்பெக்டர் கேட்டார்:
கடைசியாக உன்னிடம் என்ன சொன்னார்?
சொன்னேன்.
எழுதக் குனிந்தவர் எழுதவில்லை.
பேனையை மூடி வைத்துவிட்டு
யன்னல் பக்கம் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
வெளியே வெயில்தான்.

ஜயிலானை மறுநாளே
குப்பியாவத்தை மையவாடியில் அடக்கியிருந்தார்கள்.
சார்ஜன்ட் மூடிய பெட்டியில் மலையேறிப் போனார்.
பாலத்தில் கட்டிய வெள்ளைக் கொடிகள்
கம்பியோடு ஒட்டிப்போய்,
கழற்ற ஆளின்றி,
புகையில் மண்ணிறமாகும் வரை கிடந்தன.

இப்போது அங்கே சாவடி இல்லை.
செவ்விளநீர் விற்கிறான் ஒருவன்.
ஆனாலும் பாலம் வந்தால்
கை தானாகவே சட்டைப்பைக்குப் போகிறது.

ஹங்குராங்கெத்தைக்குப் பஸ் உண்டு,
கண்டியில் மாற வேண்டும்.
அந்த இரண்டு சொல்லைக் கொண்டுபோய்க் கொடுக்கவென்று
புறக்கோட்டை பஸ் நிலையம் வரைக்கும்
எத்தனையோ தரம் போயிருக்கிறேன்.
ஒருமுறை ரிக்கற்கூட எடுத்தேன்.

கொடுத்தால் மற்றதையும் கொடுக்க வேண்டுமே.
இரண்டு வருடத் தூசணத்தை.
அவர் பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது.
நடுவில் நிற்க
ஜயிலானும் இல்லை.