ஒன்பது புள்ளி ஏழு கிராம்

ஸ்ட்ரோம்சுண்டில் தூர்க்கெல் கடையில்
தோட்டாக்கள் மாத்திரை டப்பாக்கள்போல அடுக்கியிருக்கும்.
"முயலுக்கா, காட்டுக்கோழிக்கா, எல்க்குக்கா?"
மருந்துக்கடைக்காரனைப் போலவே கேட்பான்.

எல்க் மானுக்கு, என்றேன். முந்நூற்றெட்டு.
பக்கத்தில் நின்ற ஓஸ்மண்ட் சிரித்தான்.
அவனுடையது முந்நூற்று எழுபத்தைந்து:
தோளை மிதிக்கும், பல் அதிரும்,
போன வருடம் அதனால்
ஒரு பைன் மரத்தைச் சுத்தமாகக் கொன்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எல்க்குக்கு எண் வாசிக்கத் தெரியாது.
முன்னங்காலுக்குப் பின்னே ஒரு சாண் அகலம்;
அதற்குள் போனால் போதும்.

"ஈயமா, செம்பா?"

ஈயம் எனக்குப் பழக்கம்.
மெத்தென்று நுழைந்து உள்ளே காளானாக விரியும்.
அக்டோபரில், சதுப்போரம், அந்தப் பெட்டை
பன்னிரண்டு அடி நடந்தது,
எதையோ மறந்துவிட்டதுபோல் நின்றது,
முழங்காலிட்டது.
ஒரே தோட்டா. எனக்குப் பெருமைதான்.
குடலை அங்கேயே விட்டு வந்தோம்,
காடு தின்னட்டும் என்று.

காடு தின்றது.

பிப்ரவரியில், நான் வேலை பார்க்கும்
விலங்கு மருத்துவமனைக்கு
மீன்பெட்டியில் வைத்து ஒரு பொன்னிறக் கழுகைக் கொண்டுவந்தார்கள்.
இறக்கை விரித்தால் மேசைக்கு அடங்காது.
தலையைத் தூக்கத்தான் முடியவில்லை.
எக்ஸ்ரே எடுத்தவள் நான்.
இரைப்பையில் மூன்று வெள்ளைப் புள்ளிகள்,
கடுகைவிடச் சிறியவை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள்.
எய்தவள் வீட்டுக்குப் போய்
சூப் குடித்துத் தூங்கிவிட்டாள்.
அம்புதான் நான்கு மாதம் விழித்திருந்தது.

அது என் தோட்டாதானா, தெரியாது.
அந்த வட்டாரத்தில் இருபது பேர் சுடுகிறோம்.
இருபது பேரிடமும் இதே பதில் இருக்கிறது.

"செம்பு," என்றேன்.
விலை இரட்டிப்பு, வேகம் தளர்ந்தால் விரியாது,
ஊசிபோலத் துளைத்துப் போய்விடும் என்று
தூர்க்கெல் தன் கடமையைச் செய்தான்.
கிட்டே போய்ச் சுடுகிறேன், என்றேன்.

மணற்குழியில் புதிதாகக் குறி பழகினேன்.
பழைய குறிக்கு நான்கு விரல் கீழே விழுந்தது.
திருகி, சுட்டு, திருகி, சுட்டு,
கடைசியில் தண்ணீர்க் கேன்களை வரிசையாக வைத்து ஒன்று.
நான்காவது கேனில் கிடந்தது,
நான்கிதழ் விரிந்த செம்புப் பூ.

வீட்டுக்கு வந்து, ஈஸ்ட் நிறுக்கும் தராசில் வைத்தேன்.
டப்பாவில் போட்டிருந்தது ஒன்பது புள்ளி ஏழு.
தராசு காட்டியது ஒன்பது புள்ளி ஆறு.

இரவு பத்தரை. இன்னும் வெளிச்சம்.
மணற்குழிக்கே திரும்பி வந்து
முழங்காலிட்டு
துழாவிக்கொண்டிருக்கிறேன்.